பத்து எண்ணும் வரை

பேருந்து அவளை இறக்கிவிட்ட இடத்தில் முன்பெல்லாம் பால் கேன் வைக்கிற சிமெண்ட் மேடை ஒன்றுதான் இருந்தது. இப்போது அங்கே ஆளுயரப் பலகை நின்றது. பலகையில் ஓர் ஆணும் பெண்ணும் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர்கள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'மண்ணின் மடியில் உங்கள் நினைவுகள்' என்று கீழே எழுதியிருந்தது. எழுதிய ஆள் மண்வெட்டியைத் தொட்டதே இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தாள். பைக்குள் தையல் மெஷினின் தலை இருந்ததால் கல்லாகக் கனத்தது. வண்டி அனுப்புகிறேன் என்று ஓரகத்தி போனில் சொல்லியிருந்தாள். வண்டி வரவில்லை. வராது என்று இவளுக்கும் தெரியும்.

பாதையின் இரண்டு பக்கமும் சூரியகாந்தி பூத்து நின்றது. விதைக்காகப் போட்டதல்ல. விதை பிடித்தால் பூ தலையைத் தொங்கப்போட்டுவிடும், படத்துக்கு எடுபடாது என்று அதற்கு முன்பே அறுத்து எறிந்துவிடுவார்களாம். மரத்தடியில் பழைய ஏர்க்கலப்பை ஒன்று நீலப் பெயிண்ட் அடித்துச் சாய்த்துவைக்கப்பட்டிருந்தது. கழுத்தில் பித்தளை மணியோடு இரண்டு மாடுகள் ஷாம்பூ வாசனை அடிக்க நின்றன. கன்று போட்டுப் பால் கறந்த காலமெல்லாம் முடிந்து, இப்போது அவற்றுக்குக் கூடவே நின்று சிரிப்பவர்களைப் பொறுத்துக்கொள்வதுதான் வேலை.

அழகாகத்தான் இருந்தது. அறுத்த வயல், அதில் அங்கங்கே உருட்டிவிட்ட மாதிரி பொன்னிறக் கட்டுகள், தூரத்தில் ஒரு கோடு மரம். நகரத்து மெஷின் சத்தத்தில் ஒரு வருடம் குனிந்து கிடந்தவளுக்குக் கண் குளிர்ந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரம். இந்த இடம் நாறிக் கிடந்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

அவள் இந்த வீட்டின் மூத்த மருமகள். அண்ணன் தம்பி இரண்டு பேரையும் பண்ணையில் பெரியவர், சின்னவர் என்பார்கள். பெரியவர் அவள் கணவர். போன வருடம் இதே பருவத்தில், அவள் தன் அக்காவின் அறுவை சிகிச்சைக்குத் துணையாக நகரத்துக்குப் போயிருந்தபோது, பெரியவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார். காலையில் தம்பியோடு வாய்த் தகராறு, சாயங்காலம் பஸ் ஏறிவிட்டார் என்றார் சின்னவர். அன்றைக்குப் பகலில் அவளே அவருக்குப் பதினோரு தடவை போன் போட்டிருந்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது, அவர் எடுக்கவே இல்லை. பிறகு அந்த எண் அடங்கிப்போனது. பால் நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணும் அதே வாரம் மாற்றலாகிப் போனாள் என்பதால் மீதிக் கதையை ஊரே எழுதி முடித்தது. பிள்ளை இல்லாத வீடு வேறு, கேட்க வேண்டுமா. போலீஸ்காரரும் அதையே எழுதிக்கொண்டார்.

அவளும் நம்பினாள். அவருடைய சட்டைகளையெல்லாம் அள்ளி முற்றத்தில் வீசினாள். "எங்க இருந்தாலும் எரிஞ்சு சாம்பலாப் போகட்டும்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

திரும்ப வரமாட்டேன் என்றிருந்தவளை ஓரகத்தி போன் போட்டுக் கூப்பிட்டாள். சனிக்கிழமை பெரிய குடும்பம் ஒன்று கல்யாணப் படம் எடுக்க வருகிறது, போன தடவை வந்தவர்கள் வைக்கோல் குத்துகிறது என்று சண்டை போட்டுவிட்டார்கள், முப்பது கட்டுக்குத் துணியில் உறை தைக்க வேண்டும், உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று ஒரே தேன். வேலைக்காக வருகிறேன் என்று இவளும் சொல்லிக்கொண்டாள். உண்மை அதில்லை. அவரிடமிருந்து ஒரு தகவல், ஒரு கடிதம், யாரோ எங்கேயோ பார்த்தேன் என்ற ஒரு பேச்சு, ஏதாவது வந்திருக்காதா என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தாள். ஏன் என்னை விட்டுவிட்டுப் போனார் என்ற ஒரு கேள்வியோடு ஒரு வருடம் படுத்து எழுந்திருக்கிறாள். அதற்குப் பதில் கிடைத்தால் போதும்.

ஓரகத்தி வாசலிலேயே கட்டிக்கொண்டாள். வாயாடிதான், ஆனால் வஞ்சகம் இல்லாதவள். சின்னவர் எட்டி நின்று, "வாங்க அண்ணி" என்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வலது உள்ளங்கையில் துணிக்கட்டு. எண்ணெய் கொட்டிவிட்டதாம். அவள் முகத்தைப் பார்க்காமல் பையை இடது கையால் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, லைட் வாங்கப் போகிறேன், நாளை மதியம்தான் வருவேன் என்று கிளம்பிப் போனார்.

அளவெடுக்க ஓரகத்தி அவளைக் கொட்டகைக்கு அழைத்துப் போனாள்.

மூன்று பக்கம் திறந்த உயரமான கொட்டகை அது. உள்ளே சதுரக் கட்டுகளைச் செங்கல் மாதிரி மாற்றி மாற்றி அடுக்கிய பெரிய போர், கூரையைத் தொட இரண்டு முழம்தான் பாக்கி. வெளிக் கட்டுகளெல்லாம் பொன்னிறமாக இருக்க, இந்தப் போரின் முன்பக்கம் மட்டும் புகையிலை நிறத்துக்கு மாறியிருந்தது. அந்த நிறத்துக்குத்தான் கிராக்கி என்றாள் ஓரகத்தி. போன வருடம் அடுக்கியது, இன்னும் பிரிக்கவே இல்லையாம். முதன்முதலில் வந்த ஜோடி இதன் முன்னால்தான் படம் எடுத்ததாம், அதிலிருந்துதான் தொழில் பிடித்துக்கொண்டதாம். ராசியான போர் என்று சின்னவர் ஒரு கட்டைக்கூடத் தொட விடுவதில்லை.

"மேல மட்டும் ஏறாதீங்க அக்கா. யாரையும் ஏத்துறதில்லை. முன்பக்கம் உறை போட்டாப் போதும்."

அவள் அளவு நாடாவைப் பிரித்து, மூன்றாம் வரிசைக் கட்டின் மேல் கையை ஊன்றினாள்.

கட்டு சூடாக இருந்தது.

குளிர்காலம். கொட்டகையின் அந்தப் பக்கம் காலையிலிருந்து நிழல். மற்றக் கட்டுகளைத் தொட்டுப் பார்த்தாள், பனியில் சில்லிட்டிருந்தன. மறுபடி இங்கே வைத்தாள். காய்ச்சல்காரர் நெற்றியில் கை வைத்த மாதிரி இருந்தது.

"வர்றவங்க எல்லாம் இங்கதான் சாஞ்சுக்குவாங்க. படக்காரங்க இதுக்கு சோபான்னே பேர் வச்சிருக்காங்க" என்று ஓரகத்தி சிரித்தாள். "வாசனையும் நல்லாருக்கு பாருங்க."

வாசனை முதலிலேயே வந்துவிட்டது. சர்க்கரை கருகும் வாசனை. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெரியவர். ஈரம் சரியாகக் காயாமல் புல்லைக் கட்டி அடுக்கினால் நடுவில் வேக ஆரம்பிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, இந்த வாசனை மட்டும் வரும். வந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஆளுயர இரும்புக் கம்பி ஒன்று வைத்திருந்தார், சூட்டுக்கம்பி என்பார். போர்மேல் ஏறி அதை ஆழமாகக் குத்தி, கால் மணி நேரம் விட்டு, உருவி உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு எண்ணுவார். பத்து எண்ணும் வரை பிடிக்க முடிந்தால் பயமில்லை. ஐந்தில் விட்டால் நாளைக்கும் பார்க்க வேண்டும். மூன்றிலேயே விட்டால் மற்ற வேலையைப் போட்டுவிட்டுப் போரைப் பிரிக்க வேண்டும். உள்ளே கரிந்து கூடாகிப் போயிருக்கும், மேலே நடந்தால் பொத்தென்று உள்வாங்கிவிடும் என்பார். இரும்பைப் பிடித்துப் பிடித்து அவர் உள்ளங்கை மரத்துப்போயிருந்தது. வீட்டில் அவள் கன்னத்தைத் தொடும்போதெல்லாம் அது உரசும்.

சூட்டுக்கம்பி விட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

"அது எங்க இருக்கு? மாமா போன நாள்லேர்ந்து கம்பியும் காணோம். கையோட எடுத்துட்டுப் போயிட்டார் போல" என்றாள் ஓரகத்தி.

வேறொருத்தியோடு ஓடிப்போகிற மனிதர், மாற்றுத்துணி எடுக்காதவர், ஆளுயரக் கம்பியை எடுத்துக்கொண்டா பஸ் ஏறுவார்? ஒரு வருடத்தில் இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் நாலு உறை தைத்து முடித்தாள். தடித்த வெள்ளைத் துணி. சோபாக் கட்டுக்கு ஒன்றைப் போர்த்தி, ஓரத்தை ஊசியால் இழுத்துக் கட்டிவிட்டு வந்தாள். ஓரகத்தி கூடையில் வைக்கோல் அள்ளி மாடுகளுக்குப் போட்டாள். போரடியில் உதிர்ந்து கிடந்ததையும் சேர்த்து அள்ளிவிட்டாள் போலிருக்கிறது. மாடுகள் மோந்து பார்த்துவிட்டுப் பின்னாலேயே நகர்ந்து, கயிறு இறுகும் வரை போய் நின்றன.

காலையில் போய்ப் பார்த்தபோது உறையின் நடுவில் ஒரு ஓட்டை இருந்தது. விரல் தடிமன், வட்டம், ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தது.

யாரோ சிகரெட்டால் சுட்டுவிட்டார்கள் என்றாள் ஓரகத்தி. நேற்றிலிருந்து பண்ணைக்கு யாரும் வரவில்லை என்பது அவளுக்கு நினைவில்லை. இவள் ஒட்டுப்போட்டுத் தைத்தாள். இரண்டு மடிப்புத் துணி, நெருக்கித் தையல்.

பத்து மணிக்கு அடுத்த உறையைப் போட வந்தாள். ஒட்டின் நடுவிலும் ஓட்டை.

சுற்றிப் பார்த்தாள். வயல் வெறிச்சென்று வெயிலில் கிடந்தது. மாட்டின் மணிகூட அடிக்கவில்லை. போருக்குள்ளிருந்து மட்டும் ஒரு சின்னச் சத்தம் வந்துகொண்டிருந்தது, உலர்ந்த புல்லில் எதையோ மெதுவாகத் தேய்க்கிற சத்தம். சரக். நிற்கும். சரக். எலி என்று சொல்லிக்கொண்டாள். எலிக்கு இவ்வளவு நிதானம் கிடையாது.

குனிந்து துணியைப் பார்த்தாள். பதினைந்து வருடமாகத் துணியைப் பார்த்துப் பிழைக்கிற கண். ஊசி எந்தப் பக்கம் நுழைந்தது என்று அதற்குத் தெரியும்.

கருகிய நூல்களெல்லாம் வெளிப்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன.

குத்தியது உள்ளேயிருந்து.

அவள் அங்கே நிற்கவில்லை. உறைகளை இஸ்திரி போடுகிற சாக்கில், ஆட்கள் வந்தால் உட்காரவைக்கும் முன்னறைக்குப் போனாள். இஸ்திரிப் பெட்டி சூடேறக் காத்திருந்தபோது மேஜைமேல் இருந்த தடிமனான படப் புத்தகம் கண்ணில் பட்டது. முதல் ஜோடியின் படங்கள். வருகிறவர்களுக்கு மாதிரி காட்ட வைத்திருந்தார்கள். அட்டையின் உள்பக்கம் தேதி போட்டிருந்தது.

அவள் பதினோரு தடவை போன் போட்ட தேதி.

முதல் பக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் போரின் முன்னால் நின்றார்கள். போர் அப்போது இளம்பச்சை கலந்த பொன்னிறம். பச்சை வாடாமல் கட்டினால்தான் படத்தில் நிறம் எடுக்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பெரியவர் உயிரே போனாலும் அந்த ஈரத்தில் கட்டியிருக்க மாட்டார். பெண் தலையில் பெரிய ஓலைத் தொப்பி. பின்னால் கட்டுகள், வேறொன்றும் இல்லை.

இரண்டாம் பக்கம். பெண் மட்டும் சாய்ந்து நிற்கிறாள். கண்ணை மூடி முகர்கிறாள். அவள் காதுக்குப் பக்கத்தில், மூன்றாம் வரிசையில், கறுப்பாக ஒரு புள்ளி.

மூன்றாம் பக்கம். புள்ளி இப்போது விரல் நீளத்துக்கு நீண்டிருந்தது.

இரும்பு.

நான்காம் பக்கத்தில் அது ஒரு சாண். மாப்பிள்ளை அதைக் காட்டி ஏதோ சொல்ல, பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

ஐந்தாம் பக்கம் பெரிதாக, இரண்டு தாளுக்கும் சேர்த்துப் போடப்பட்ட படம். வெளியே பலகையில் இருப்பதும் இதுதான், அங்கே பக்கவாட்டை வெட்டிவிட்டிருந்தார்கள். ஜோடி கட்டின்மேல் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்க்கிறது. பெண்ணின் தலையில் தொப்பி இல்லை.

தொப்பியைக் கம்பியில் மாட்டியிருந்தாள்.

ஆறாம் பக்கத்தில் தொப்பி தரையில் கிடந்தது. போரில் ஒன்றும் இல்லை. கம்பி உள்ளே போய்விட்டிருந்தது.

இஸ்திரிப் பெட்டி துணியைச் சுட்டு நாற்றம் வந்த பிறகுதான் அவள் அதை எடுத்தாள். பக்கங்களைத் திரும்ப ஒரு முறை புரட்டினாள். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் நேரம் அச்சாகியிருந்தது. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் ஒன்றேகால் மணி நேரம். அவ்வளவு நேரம் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். கத்தினால் கேட்காத அளவுக்குப் பாட்டுப் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் கத்துவதற்கு அங்கே மூச்சு இருந்திருக்காது. போன் மட்டும் பையில் பதினோரு தடவை அடித்திருக்கும். எடுக்கக் கையை மடக்க முடிந்திருக்காது.

ஓடிப்போனவன் என்று அவள் திட்டாத நாள் இல்லை. நெஞ்சை அறுத்துக்கொண்டு அழுகை வந்தது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள்.

சின்னவர் மதியம் திரும்பியபோது அவள் போரின் முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் படப் புத்தகம், ஐந்தாம் பக்கம் திறந்திருந்தது. சின்னவர் தூரத்திலேயே பார்த்துவிட்டார். இருந்தாலும் வந்தார். வருகிற நடையிலேயே பாதி ஒப்புக்கொண்டுவிட்டார் என்று தோன்றியது.

"இது என்ன கம்பி தம்பி?" என்றாள்.

"தொப்பி மாட்டுறதுக்கு... நான்தான் சொருகி வச்சேன் அண்ணி."

"ரெண்டாம் பக்கத்துல விரல் நுனி. நாலாம் பக்கத்துல ஒரு சாண். உள்ளேருந்து சொருகினீங்களா?"

அவர் கண் அவள் தலைக்குப் பின்னால் எதையோ பார்த்தது. அவளும் திரும்பினாள்.

இஸ்திரி போட்டுப் போர்த்திய புது உறையின் நடுவில் துணி மெல்ல உப்பியது.

ஒரு மொட்டு அளவு. பிறகு கூடாரம் மாதிரி.

வெள்ளைத் துணி பழுப்பானது. கருகல் வாசனை. நூல் ஒவ்வொன்றாகத் தெறிக்கிற சத்தம்.

கறுத்த இரும்பு முனை வெளியே வந்து நின்றது.

அவள் கத்தவில்லை. சின்னவர்தான் கிசுகிசுத்தார். தினமும் பேசிப் பழகிய குரல்.

"போதும்ணே. விடுங்கண்ணே. அண்ணி வந்திருக்காங்க."

பிறகு அவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பேச்சு விட்டு விட்டு வந்தது. முதல் ஜோடி வரப்போகிறது, போர் அழகாகத் தெரிய வேண்டும் என்று ஈரப் புல்லைக் கட்டி அடுக்கியது அவர்தான். அண்ணன் காலையில் வாசனை பிடித்துவிட்டுப் போரைப் பிரிக்கணும் என்றாராம். ஆட்கள் வந்து போகட்டும் என்று இவர் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறார். அண்ணன் திட்டிவிட்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போர்மேல் ஏறப் போனார். கொஞ்ச நேரத்தில் கம்பி வெளியே வந்தது.

"கோபத்துல மேலேருந்து குத்துறார்னு நினைச்சேன் அண்ணி. வேணும்னே படத்தைக் கெடுக்குறார்னு. அந்தப் பொண்ணு இது என்னன்னு கேட்டுச்சு. தொப்பி மாட்டிக்கம்மான்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அவங்க போனதும் மேல ஏறிப் பாத்தேன். குழி. புகை. கூப்பிட்டேன், சத்தம் இல்லை. தண்ணி ஊத்திட்டு..." அவர் வாயைக் கையால் துடைத்தார். "ஊத்திட்டு, நாலு கட்டை எடுத்து மூடிட்டேன். செத்த இடத்துல யாரு அண்ணி கல்யாணப் படம் எடுக்க வருவாங்க?"

அவள் அவரையே பார்த்தாள். இந்தக் கைக்கு எத்தனை வேளை சோறு போட்டிருக்கிறாள். துப்ப வேண்டும் போலிருந்தது. அதற்குக்கூட அவள் வாயில் ஈரம் இல்லை.

"கம்பி?"

"தினமும் வரும். சில சமயம் தானாவே உள்ள போயிடும். இல்லேன்னா விடியும்போது துணி சுத்திப் பிடிச்சு உள்ள தள்ளிடுவேன். உருவிப் போட்டுடலாம்னு ஒரு நாள் இழுத்தேன்." கட்டுப் போட்ட உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். "அந்தப் பக்கமும் இழுக்குது."

மறுநாள் தீயணைப்பு ஆட்கள் வந்து தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே ஒவ்வொரு வரிசையாகப் பிரித்தார்கள். ஒரு வருடம் ஆன போரில் இவ்வளவு சூடு எப்படி என்று அவர்களுக்கே விளங்கவில்லை. நடுவில் ஒரு சின்ன அறை அளவுக்குக் கரிக்கூடு. அவர் முன்பக்கம் பார்த்து முட்டிபோட்டு இருந்தார். சட்டையில் மிஞ்சியிருந்த துணியில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். அவசரத்தில் அவள் தைத்தது, அப்புறம் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அவருடைய இரண்டு கையும் எதையோ இறுகப் பிடித்தபடி மடங்கியிருந்தன. விரல்களுக்கு நடுவே கம்பி தடிமனுக்கு இடைவெளி இருந்தது.

கம்பி இல்லை. சாம்பலைச் சலித்தும் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

சின்னவரைப் போலீஸ்காரர்கள் கூட்டிப்போனார்கள். சனிக்கிழமை வரவேண்டிய பெரிய குடும்பம் வேறு பண்ணைக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாக யார் யாரோ வந்தார்கள். போலீஸ் கட்டிய நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று, கரிக்கூடு பின்னால் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றான் ஒருவன். ஓரகத்தி பிறந்த வீட்டுக்குப் போகுமுன் கருகாத கட்டுகளையெல்லாம் கேட்டவர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டாள். ஓட்டல், பள்ளிக்கூடம், பூங்கா என்று நாலு திசையிலிருந்தும் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். வைக்கோல் கட்டுக்கு நகரத்தில் அவ்வளவு மவுசு.

அவள் மறுபடியும் மெஷினுக்கே போனாள். ஓடிப்போகவில்லை என்று தெரிந்துவிட்டது. கேட்ட பதில் கிடைத்துவிட்டது. அதனால் தூக்கம் வந்துவிடுமா என்ன. பதினோரு தடவை அடித்து ஓய்ந்த அந்த போன் மணியும் தினமும் காதில் அடித்தது.

மூன்று மாதம் கழித்து, தைத்து முடித்த சீருடைகளைக் கொடுக்க ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனாள். நடுப்பகல். கண்ணாடிக்குள் நீலப் பெயிண்ட் அடித்த வண்டிச் சக்கரம், துணியில் செய்த சூரியகாந்தி, கட்டம் போட்ட சட்டையில் இரண்டு பொம்மைகள். நடுவில் புகையிலை நிறத்தில் ஒற்றை வைக்கோல் கட்டு. அதில் சாய்ந்தபடி விற்பனைப் பெண் ஒருத்தி விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

சர்க்கரை கருகும் வாசனை வந்தது.

"இங்க ஏசி குளிருக்கு இது இதமா இருக்குக்கா" என்றாள் அந்தப் பெண். "ஆணி ஒண்ணு வேற இருக்கு. யாரு அடிச்சாங்கன்னு தெரியலை. இன்னைக்குக் காலைலதான் பாத்தேன், குடை மாட்ட வசதியா இருக்கு."

கட்டின் நடுவிலிருந்து கறுப்பாக ஒரு சாண் இரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. அதில் பூப்போட்ட குடை தொங்கியது.

அவள் சீருடைக் கட்டைக் கீழே வைத்தாள். குடையை எடுத்து ஓரமாகச் சாய்த்தாள். பிறகு இரும்பை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, அவர் எண்ணுகிற மாதிரியே வாய்க்குள் எண்ணினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை. ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை.

மறுமுனையைப் பிடித்திருந்த கையும் விடவில்லை.